வெறும்வயித்து ஊர்வலம்

— நாளையில இருந்து நீ ரோட்டுல கால் வெக்கக் கூடாது. அவ்ளோதான். ரைட்டா...

— ரைட்டு குடுக்கறதெல்லாம் உங்க பஸ்ஸுல வெச்சிக்கோங்க. டாக்டரம்மா...

— டாக்டரம்மா கெடக்கட்டும், நான் சொல்றத...

— ...நடந்தே ஆவணும்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல குந்திக் கேட்டுக்கினுதான இருந்தீங்க?

— கேட்டேன், நாயகி. இல்லங்கல. ஆனா இன்னிக்கு ஸ்டேஷனுக்குக் கூப்ட்டு எஸ்.ஐ. இன்னா கேட்டாரு தெரியுமா? "ஏம்பா கந்தசாமி, கவர்மென்ட் பஸ்ஸுல கண்டக்டரு நீ. உன் சம்சாரம் உண்ணாவிரதம் இருந்துக்கினு, விடியக்காலையில பொம்பளைங்களச் சேத்துக்கினு இட ஒதுக்கீட்டுக்கு ஊர்வலம் போவுதாமே"ன்னாரு. எனக்கு வேர்த்துப் போச்சி.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— இன்னாத்த சொல்றது? என் பொண்டாட்டி குண்டு சார், எளைக்கறதுக்கு நடக்கறான்னேன். ஸ்டேஷனே சிரிச்சிது. அவரு மட்டும் சிரிக்கல. "ரோடு பூரா போராட்டக்காரன் மரத்த வெட்டிப் போட்டிருக்கான், ஒரு வண்டி ஓடல. இந்த நேரத்துல எளைக்கறதுக்கு நடக்கறாளா"ன்னாரு.

— இப்பதான் நிம்மதியா நடக்க முடியுது. லாரிக்கு ஒதுங்க வேணாம்.

— கிண்டலா? தடை உத்தரவு போட்டிருக்காங்க. உன்னப் புடிச்சி உள்ள வெச்சா என் வேல இன்னா ஆவறது?

— நடக்கலன்னா நான் இன்னா ஆவறது? வயித்துல கட்டிய வெச்சிக்கினு இருக்கேன். இந்த எடையில மயக்க மருந்து குடுத்தா கண்ணத் தொறக்கறது சந்தேகம், கம்மி பண்ணிக்கினு வாங்க, அப்புறம் ஆபரேஷன்னு அந்தம்மா உங்க மூஞ்சப் பாத்துதான சொன்னாங்க?

— வூட்டோட இருந்து பட்டினி மட்டும் கெடந்து பாரேன். மின்ன சனிக்கெழம விரதம் இருந்தியே.

— அத ஏன் கேக்கறீங்க. சோத்தத் தொடல, அதனால விரதம்னு சொல்லிக்கினு அடை, உப்புமா, உளுந்துவடைன்னு பலகாரமா தின்னுக்கினு கெடந்தேன். விரதம் இருக்க இருக்க ஏறிக்கினே போச்சி. டாக்டரம்மா கேட்டுட்டு அப்படிச் சிரிச்சாங்க.

— எனக்கும் சிரிப்பு வந்துது.

— வரும். பாதி வடை உங்க வயித்துக்குத்தான போச்சி. இப்ப அந்தக் கதையே இல்ல. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு அடுப்ப அணைச்சிடறேன். காலையில நடந்துட்டு வந்தாலும் உச்சிப்பொழுது வரைக்கும் வெந்நீர்தான். அப்புறம் தானியம் விக்க வர்ற சாமியம்மா கல்ராயன் மலையில இருந்து கொண்டாந்த சாமையில சோறு, கூட ஒரு கீரை. மொதல்ல கண்ணு இருட்டிச்சி. இப்ப இந்த ரவிக்கையப் பாருங்க, உள்ள ஒரு கைய வுடலாம்.

— பாத்தேன்.

— பாத்துட்டுமா ஒரு வார்த்த சொல்லல?

— சொன்னா கண்ணு பட்டுடும்னு வுட்டேன். அன்னிக்குக் கோட்ட மலையில பாதிப் படி நிக்காம ஏறினியே, கீழ இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். பொழச்சிக்குவ நாயகி. அதுக்குள்ள ஜெயிலுக்குப் போயிடாதன்னுதான் சொல்றேன். கொல்லையில கெணத்தச் சுத்தி நடயேன்.

— கெணத்தச் சுத்தினா எனக்குத் தல சுத்தும்.

— அப்ப அந்தப் பொம்பளைங்ககிட்ட உண்மையச் சொல்லிடு. உன்னப் பெரிய தலைவின்னு நெனச்சிக்கினு பின்னால வருதுங்க, பாவம்.

— யாரும் நெனைக்கல. நான் மொத நாளே சொல்லிட்டேன்.

— சொல்லிட்டியா? அப்புறம் ஏன் வருதுங்க?

— ராணியம்மாளுக்குச் சர்க்கரை. லட்சுமியம்மாளுக்கு முட்டி வலி. ஜெயசுதாவுக்குப் புள்ள பொறந்ததுல இருந்து வயிறு எறங்கல. ஒடம்பு எளைக்க நடக்கறேன்னா எந்த வூட்டுல வுடறாங்க? "ஏன், மாவாட்டினா எளைக்காதா"ன்னு கேக்கறாங்க. அதே, சாதிசனத்துக்காக, படிக்கற புள்ளைங்களுக்காகன்னு சொல்லிப் பாருங்க. மாமியாரே எழுப்பி அனுப்புது.

— அடிப்பாவிங்களா. அப்ப கோசம் போட்டுக்கினு போறது?

— வூடுங்களத் தாண்டற வரைக்கும் போடுவோம். அப்புறம் மூச்சு பத்தாது. ஏன், புள்ளைங்களுக்கு எடம் கெடச்சா எங்களுக்குக் கசக்குதா? அதுக்கும்தான் நடக்கறோம்.

— வெளாட்டாப் போச்சி உங்களுக்கு. கூட வர்றவளுங்கள்ல ஒருத்தி தெனம் ஸ்டேஷனுக்குச் சேதி சொல்லிக்கினு இருக்கா. யாரு யாரு வந்தாங்க, எது வரைக்கும் போனாங்க, எல்லாம் எஸ்.ஐ. புட்டுப் புட்டு வெக்கறாரு.

— தெரியும்.

— தெரியுமா? யாருன்னு தெரிஞ்சே கூட்டிக்கினு போறியா?

— அந்த எஸ்.ஐ. சம்சாரம் பவானிதாங்க. ஊர்வலத்துல யாரு வர்றாங்கன்னு பாத்துக்கினு வந்து சொல்றேன்னுதான் வூட்டுல உத்தரவு வாங்கியிருக்கு. எங்க எல்லாரயும்விட அதுக்குத்தான் ஒடம்பு ஜாஸ்தி. நான் வர்லன்னா ஊர்வலம் இல்ல, ஊர்வலம் இல்லன்னா அது வூட்டத் தாண்ட முடியாது. நாளைக்கு விடியறதுக்கு மின்ன நம்ம வாசல்ல வந்து நிக்கும், நான் வர்லன்னு நீங்களே சொல்லிடுங்க.