கப்புக்கு ஒரு புழு

பஞ்சம்மாள்: ...திருவிழாவுக்குக்கூட வராம, புழுவுக்குச் சோறாக்கவாடி காலேசு படிச்ச?

யுவராணி: ம்மா... ஆரம்பிக்காத.

பஞ்சம்மாள்: நம்ம தக்காளியெல்லாம் தொளைச்சு வயித்துல அடிச்ச புழு. அதுக்குப் பெத்த மக ஊட்டி விடுறா!

யுவராணி: பூச்சி மருந்தச் சோதிக்கணும்னா புழு வேணும்ல? லேப்புல எல்லாரும் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கெளம்பிட்டாக. கேக்க நாதியில்லாதவ நான் ஒருத்தி, காவலுக்கு. இதுக செத்தா என் வேலையும் போச்சு.

பஞ்சம்மாள்: ஒரே டப்பாவுல தீனியக் கொட்டி, மொத்தமா விட்டுட்டு வா.

யுவராணி: ஒண்ண ஒண்ணு தின்னுரும். கப்புக்கு ஒரு புழுதான். அதது தனியாக் கெடக்கணும்.

பஞ்சம்மாள்: ஒன்னய மாதிரி.

யுவராணி: ...ஃபோன வைக்கவா?

பஞ்சம்மாள்: ஏ, வைக்காத வைக்காத! இங்கன ஒங்கண்ணன், மதினி, பிள்ளைக எல்லாம் வந்தாச்சு. வீடே ரெண்டுபடுது.

யுவராணி: ஒரு சத்தத்தையும் காணோம்?

பஞ்சம்மாள்: ...ராட்டினம் சுத்தப் போயிருக்காக. அத விடு. நான் குடுத்த கொண்டக்கடலைய அவிச்சுத் தின்னியா?

யுவராணி: எங்க? லேப்புல புழுத்தீனிக்குக் கடலை மாவு தீந்துபோச்சு. ஒன் கடலைய அப்படியே அரைச்சு, சைனா கிராஸோட காய்ச்சிக் கப்புல ஊத்திட்டேன்.

பஞ்சம்மாள்: பாரேன்! போன வருசத்துக் கடலை. ஒரு வண்டு இருந்துச்சா?

யுவராணி: இல்ல.

பஞ்சம்மாள்: எப்படி இருக்கும்? வசம்ப இடிச்சுல்ல பெரட்டி வச்சேன். பூச்சி கிட்டவே வராது.

யுவராணி: ...வசம்பா?

பஞ்சம்மாள்: ஆமா, பேரு சொல்லாதது... ஏத்தா? லைன்ல இருக்கியா?

யுவராணி: இருக்கேன்.

பஞ்சம்மாள்: ஒன் புழுவுக்குப் பிடிச்சுச்சா? இன்னும் ஒரு படி குடுத்துவிடவா?

யுவராணி: வேணாம். இப்பவே நம்ம ஊருக்கு, தேவாரம் பஸ் ஏறுறேன்.

பஞ்சம்மாள்: அங்கன தீனி யாரு வைப்பா?

யுவராணி: ...எல்லாம் செத்துப்போச்சும்மா. முந்தாநாளே.

பஞ்சம்மாள்: அய்யோ... அப்ப வேலை?

யுவராணி: திருவிழா முடிஞ்சு லேப்பு சாரு வந்ததும் போயிரும்.

பஞ்சம்மாள்: எதுனால செத்துச்சாம்?

யுவராணி: கப்ப நான் சரியாக் கழுவல. அம்புட்டுத்தான்.

பஞ்சம்மாள்: ...வா, ஆத்தா. ஒங்கண்ணன் வரல. யாருமே வரல. எனக்கு மட்டுந்தான் ஒல வச்சேன்... இன்னொரு பிடி அரிசி போடுறேன், வா.