நீலப் புள்ளி

காபிக்கு நன்றி, மிஸ் ஆர்மென்டா. தண்ணீர் குழாயில் பிடித்ததா, பாட்டிலில் வாங்கியதா என்று கேட்கலாமா? தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மினசோட்டாவில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறைகளில் சுகாதாரச் சோதனை செய்தவள் நான். கேட்காமல் குடித்தால் எனக்குத் தொண்டைக்குள் இறங்காது.

வாக்குமூலத்தைப் பாதைத் தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குளிர்காலம் முழுக்க இந்த அரிசோனாப் பாலைவனத்தில் படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிகளைப் போட்டுக்கொண்டு கிடப்போம். மே மாதம் வெயில் கடுமையானதும் வடக்கே மலைப்பக்கம் ஏறுவோம். இந்த வருடம் பதினோரு வண்டிகள். யார் எந்தச் சாலையில் போக வேண்டும், எந்த முகாமில் தங்க வேண்டும் என்று திட்டம் போடுவது என் பொறுப்பு. ஒவ்வொரு வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் கேட்டு வாங்கி, அதற்கென்று தனியாக ஒரு தாள் எழுதுவேன். கழிவைக் கொட்டும் இடத்துக்குப் பழுப்புப் புள்ளி. குடிதண்ணீருக்கு நீலப் புள்ளி.

இன்னொரு வழக்கமும் உண்டு. கரடுமுரடான ஏற்றத்துக்கு முன்னால் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுவோம். நிறைந்த தொட்டி நானூறு கிலோ வரும், இஞ்சின் திணறும். ஆனால் மறுமுனையில் நீலப் புள்ளி இருந்தால்தான் அப்படிச் செய்வோம். ஒன்பது வருடத்தில் என் புள்ளியை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

டெல்மர் ஸ்டப்ஸும் அவன் மனைவி நோலாவும் பிப்ரவரி முதல் வாரத்தில் எங்களோடு சேர்ந்தார்கள். எங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். நாற்பதடி வண்டி. எல்லோருக்கும் டெல்மரைப் பிடித்துப்போயிற்று. சத்தமாகச் சிரிப்பான், கேட்காமலே அடுத்தவன் டயரை மாற்றிக் கொடுப்பான். நான் அவன் நகங்களைப் பார்த்தேன். கழிப்பறைக் கழிவு ஹோஸைக் கழற்றிய கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் உருளைக்கிழங்கு சாலட் பிசைவான். பிசைந்துவிட்டு விரலை நக்குவான். அதைத்தான் சனிக்கிழமை விருந்தில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் அதை என் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருமுறை கை கழுவச் சொன்னேன்.

"ஏய், நர்ஸம்மா வந்துட்டாங்கடா, எல்லாரும் கையை நீட்டுங்க" என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. என் கணவர் ஆர்லோவும் சிரித்தார்.

பிப்ரவரி பதினோராம் தேதி பிற்பகல், டெல்மர் தன் கழிவு ஹோஸை அலசுவதைப் பார்த்தேன். முகாமில் எல்லோருக்கும் பொதுவான குடிதண்ணீர்க் குழாய். அதன் வாயில் ஹோஸின் வாயை அப்படியே செருகி அலசினான். ஓரத்தில் ஒட்டியிருந்ததை நான் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அன்று காலையில்தான் அந்தக் குழாயில் எங்கள் தொட்டியை நிரப்பியிருந்தேன். பிற்பகலில் செய்தவன் முந்தின நாளும் செய்திருப்பான். அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் மட்டும் செய்வதில்லை.

மறுநாள் ஆர்லோவுக்கு வயிறு கலங்கியது. எது கொடுத்தாலும் தங்கவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஐந்தாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். நாற்பத்திநான்கு வருடம் நான் சுத்தமாக வைத்திருந்த மனிதர், படுக்கையை நனைத்துக்கொண்டு செத்தார். நோலா கோழி சூப் கொண்டுவந்து கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல பெண்தான். அந்த சூப்பைக் கள்ளிச்செடியடியில் ஊற்றினேன். பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்பட்டிருந்தால் கத்தியிருப்பேன். இது அருவருப்பு. சமையலறையில் எலி தெரிந்தால் நாம் எலியோடு சண்டை போடுவதில்லை, அதற்கு ஒரு வழி செய்கிறோம்.

பரோ டேங்க் முகாமை எனக்கு நன்றாகத் தெரியும். பழைய சுரங்கச் சாலையில் முப்பது மைல் உள்ளே இருக்கிறது. கைப்பேசி எடுக்காது. அங்கே ஒரே ஒரு குழாய், அதையும் மே முதல் தேதியோடு மூடிவிடுவார்கள். முகாமுக்கு நான்கு மைல் முன்னால் ஓர் ஓடை குறுக்கிடும். காய்ந்த மணல். சின்ன வண்டி தாண்டிவிடும், நாற்பதடி வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும். டெல்மரின் தாளில் அந்தச் சாலையைப் போட்டேன். நெடுஞ்சாலைப் பாலம் அவன் வண்டிக்குத் தாழ்வு என்று காரணமும் எழுதினேன். பரோ டேங்கில் நீலப் புள்ளி வைத்தேன். கீழே, 'ஏற்றம் அதிகம், எல்லாத் தொட்டிகளையும் காலி செய்யவும்' என்று அடிக்கோடிட்டேன்.

மே இருபத்திரண்டு காலையில் எல்லோரும் கிளம்பினோம். நோலா தாளோடு என்னிடம் வந்தாள்.

"மார்லிஸ், நாங்க மட்டும் தனியாவா போகணும்?"

"உங்க வண்டி உயரம் அப்படி. ரெண்டு நாள்ல மலைமேல பாத்துக்கலாம்."

"தண்ணி நெசமாவே இருக்குமில்ல? இந்த மனுசன் நல்ல தண்ணி மொத்தத்தையும் தொறந்து விட்டுட்டாரு. கைல நாலு பாட்டிலு சோடாதான் கெடக்கு."

"புள்ளி வச்சிருக்கேனே, நோலா."

"அது போதும்மா" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். டெல்மர் ஜன்னலில் தலையை நீட்டி, "நர்ஸம்மா, மேல வாங்க, சாலட் பண்ணித் தாரேன்" என்று கத்தினான்.

மலை முகாமில் இரண்டாம் நாள் சாயங்காலம், ஸ்டப்ஸ் தம்பதியை எங்கே காணோம் என்று கேட்டார்கள். அங்கே கைப்பேசி நன்றாகவே எடுத்தது. நோலாவுக்குப் பறவைகள் பார்க்க ஆசை, நாலு நாள் அங்கேயே இருப்பார்கள் என்றேன். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். அன்று கீழே நூற்றுப் பதினோரு டிகிரி என்று வானொலியில் சொன்னார்கள்.

நான்காம் நாள், மாடு தேடிப் போன பண்ணைக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்திருக்கிறார். வண்டி ஓடை மணலில் புதைந்து கிடந்தது. நோலா குழாயை நம்பி நான்கு மைல் நடந்திருக்கிறாள். குழாயடியில் கிடந்தாளாம், கையில் குறடு. குழாயின் கைப்பிடியைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். சட்டைப் பையில் என் தாள் இருந்தது. நீங்கள் அதை மேசைமேல் வைத்தபோது அது என் எழுத்துதான் என்று நானே சொன்னேன், இல்லையா?

டெல்மர் பிழைத்துக்கொண்டான். எப்படி என்று நான் கேட்டபோது நீங்கள் சொல்லத் தயங்கினீர்கள். பாத்திரம் கழுவிய, குளித்த அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருக்கிறான். மூன்று நாள் அதைக் குடித்திருக்கிறான். பாருங்கள், நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். நோலாவுக்கும் அதைக் கொடுத்தானாம், அவளால் விழுங்க முடியவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனாலும் அவள் அவன் தட்டில் சாப்பிட்டவள், அவன் கையைப் பிடித்து நடந்தவள். எது எங்கே ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குழாய் மூடியிருந்தது எனக்குத் தெரியும். மணல் தெரியும், வெயில் தெரியும், நோலா வண்டியில் இருப்பதும் தெரியும். தெரிந்தே புள்ளி வைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

நீங்கள் என் பக்கம் நகர்த்தி வைத்த அந்தப் பரிசோதனைக் காகிதத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். எல்லா வண்டிகளிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்களாம். டெல்மரின் ஹோஸில் ஒன்றும் இல்லையாம். ஆர்லோ இறந்ததும் பிப்ரவரியில் சுகாதாரத் துறை எடுத்த முகாம் குழாய்த் தண்ணீரும் சுத்தமாம். ஆர்லோவைக் கொன்ற கிருமி என் வண்டியின் தண்ணீர் வடிகட்டியில் இருக்கிறதாம், வெட்டிப் பார்த்தபோது உள்ளே விரல் தடிமனுக்குப் பச்சை வழவழப்பாம். அந்த வடிகட்டியை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். முப்பத்தொரு வருட அனுபவம் எனக்கு.

ஆர்லோ ஒருமுறை சொன்னார், நான் அதை மறைக்கவில்லை. டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "மார்லிஸ், இந்தத் தண்ணி ஊசிப்போன வாடை அடிக்குதும்மா" என்றார். உங்க மூக்குக்கு வயசாயிடுச்சு, பேசாமக் குடிங்க என்றேன். குடித்தார்.

அது ஜனவரி மாதம், அப்போது டெல்மர் எங்களோடு சேரவே இல்லையே என்கிறீர்கள். தேதி சரிதான். ஆனால் நாங்கள் தங்கிய ஏதோ ஒரு முகாமில் எங்களுக்கு முன்னால் அவன் தங்கியிருப்பான், மிஸ் ஆர்மென்டா. நீங்கள் சரியாகத் தேடவில்லை.