வாசிக்க முடியாத பேர்

சவரியம்மா: போன வருஷம் எழுதின மாதிரியே எழுதிடுங்க உபதேசியாரே. "காப்பிரி சிப்பாய்." அவ்வளவுதான்.

நோபர்ட்: அப்படி எழுத முடியாதுக்கா.

சவரியம்மா: இருபத்துநாலு வருஷமா எழுதினீங்களே. இப்ப மட்டும் கை வலிக்குதா?

நோபர்ட்: அப்ப பூசை லத்தீன்ல. ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்தவங்க பேரெல்லாம் எழுதி, மடிச்சு, பெட்டியில போட்டுப் பீடத்துல வெச்சிடுவோம். யாரும் பிரிச்சுப் பாக்கல. இப்ப பூசையே தமிழ்ல. நாளைக்கு நான் நின்னு ஒவ்வொரு பேரா சத்தமா வாசிக்கணும்.

சவரியம்மா: வாசிங்க.

நோபர்ட்: கோயிலுக்குள்ள… கறுப்பு ஆளுகள ஏசுற அந்தச் சொல்லையா?

சவரியம்மா: ஜப்பான்காரன் சண்டையப்ப, ரத்தோட்டை ரோட்டுல ஆப்பிரிக்காவுல இருந்து வந்த சிப்பாய்ங்க லொறி போனா ஊரே அப்படித்தான் கத்திச்சு. நீங்களுந்தான். லொறி பின்னாலேயே ஓடுவீங்க.

நோபர்ட்: ஓடினேன். பதினேழு வயசு… இப்ப மாத்தளை டவுன்ல ஒருத்தன் தோட்டத்து ஆளுக நம்மள "கள்ளத்தோணி, இந்தியாவுக்குப் போ"ன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கு?

சவரியம்மா: அவன் வாயக் கிழிக்கணும் போல இருக்கு.

நோபர்ட்: அப்புறம்?

சவரியம்மா: அது வேற…

நோபர்ட்: என்ன வேற?

சவரியம்மா: …வேற இல்லதான்.

நோபர்ட்: "ஆப்பிரிக்கா சிப்பாய்"னு போடுறேன்.

சவரியம்மா: அங்கயிருந்து எத்தன பேர் வந்தாங்க. அந்த ஜெபம் எவனுக்குன்னு போய்ச் சேரும்? மண்ணு சரிஞ்சு நாங்க குடியிருந்த லயம் புதைஞ்சப்ப, கழுத்து வரைக்கும் கிடந்த என்னத் தோண்டி எடுத்தது ஒருத்தன். ரெண்டாவது சரிவுல மண்ணுக்குள்ள போனதும் அந்த ஒருத்தன்தான்.

நோபர்ட்: இன்னமும் கனவுல வர்றானா?

சவரியம்மா: ரிவர்ஸ்டன் மலப் பக்கம் மூட்டம் எறங்கினா வருவான். நான் கொழுந்துக் கூடையோட நிக்கிறேன்… அவன் தேயிலைக்கு மேலேயே நடந்து போறான். கால் தெரியல, முட்டிக்குக் கீழ வெறும் மூட்டம். மழை பெய்யுது… சத்தமே இல்லாமப் பெய்யுது. அந்தச் சொல்லச் சொல்லிக் கூப்பிடுறேன். நிக்கிறான். திரும்பல.

நோபர்ட்: அந்தச் சொல்லுக்கு எப்படித் திரும்புவான். அக்கா, ஒண்ணு சொல்றேன். சாமிக்கிட்டக்கூடப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னதில்ல. அவன் கல்லறைச் சிலுவைக்கு பெயின்ட் அடிச்சது நான்.

சவரியம்மா: தோட்டத்துக்கே தெரியும்.

நோபர்ட்: இது தெரியாது. அவங்க கேம்ப்ல ஒரு துண்டுக் கடுதாசி குடுத்தாங்க. அவன் பேரு அதுல முழுசா இருந்திச்சு. நீளமான பேரு. கூட நின்ன பயலுக சிரிச்சாங்க… நானும் சிரிச்சுட்டு, "காப்பிரி"ன்னு எழுதிட்டேன். அந்தக் கடுதாசியிலேயே பிரஷ்ஷத் தொடச்சேன். ஏசுங்கக்கா.

சவரியம்மா: அந்தப் பேர்ல ஒரு எழுத்தாவது…

நோபர்ட்: இல்ல. கண்ண மூடினா வெள்ள பெயின்ட்தான் தெரியுது. நான் எழுதினதையே நாளைக்கு எந்த வாயால வாசிப்பேன்? "பேர் தெரியாதவர்"னு போட்டுடலாமா?

சவரியம்மா: அது பொய்.

நோபர்ட்: வேற என்ன செய்ய?

சவரியம்மா: ஒக்கெல்லோன்னு எழுதுங்க தம்பி.

நோபர்ட்: …என்னது?

சவரியம்மா: ஒக்கெல்லோ. வெக்கத்துல இத்தன வருஷமா வெளிய சொல்லல. மண்ண வழிச்சுப் போட்டுப் போட்டு, தன் நெஞ்சத் தொட்டுச் சொன்னான். என் பேரையும் கேட்டுக்கிட்டு, நான் பயப்படக் கூடாதுன்னு "சவரி, சவரி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே தோண்டினான். நான் அவன் என்னைய வெளிய இழுக்கிற வரைக்கும் "டேய் காப்பிரி, சீக்கிரம் தோண்டுடா"ன்னுதான் கத்தினேன்.