நின்ற வீடு

— வரலைண்ணே. இன்னும் பத்துத் தடவை கேட்டாலும் அதேதான்.

— என்ன பாப்பா பேச்சு இது? ஞாயித்துக்கிழமை மத்தியானம் சொந்தக்காரங்க அத்தனை பேரும் நம்ம வீட்டுலதான் சாப்பிடுறாங்க. இவ்வளவு பெரிய புயல்ல வீடும் நின்னு, குடும்பமும் பிழைச்சிருக்கு. சேர்ந்து உக்காந்து ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? கூடப்பிறந்தவ நீ இல்லாம எப்படி?

— உன் வீடு நின்னுச்சு, நீ சொல்லு. நான் இந்தப் பள்ளிக்கூடத்துல, நாலு குடும்பத்துக்கு நடுவுல பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கேன். யாருக்குச் சொல்றது? கரும்பலகைக்கா?

— பாரு, இந்த வாய் மட்டும் குறையவே இல்லை. நான் என்ன சொல்றேன்னா, வீடு போனா கட்டிக்கலாம். மாப்பிள்ளை உயிரோட இருக்காருல்ல, அதைப் பாரு.

— பாத்துட்டுத்தான் வரேன். ஆஸ்பத்திரியில, முட்டிக்குக் கீழ இல்லாத காலைச் சொறிஞ்சு விடச் சொல்றாரு. பஸ் ஓட்டின மனுஷன்.

— டாக்டர் என்னம்மா சொல்றாரு?

— பேசிட்டீங்களா அண்ணி? வந்ததுலேருந்து அண்ணன் முதுகுக்குப் பின்னாலயே நிக்கிறீங்களேன்னு பாத்தேன். வெட்டுப்பட்ட உடனே இறுக்கிக் கட்டியிருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாமாம். ரத்தம் கொட்டக் கொட்ட இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தீங்கன்னு என்னைத்தான் திட்டுறாரு.

— அது விதி பாப்பா. நாம என்ன பண்ண முடியும்?

— விதி இல்லைண்ணே. உன் வாசல்ல இருந்தோம்.

— என் வாசல்லயா?

— எங்க கூரை பிச்சுக்கிட்டுப் போனப்போ ஒரு தகரம் அவரு காலை வெட்டிருச்சு. தோள்ல தாங்கிக்கிட்டு நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன். அப்பத்தான் இருட்ட ஆரம்பிச்சுது. வேற எங்க போவேன்? தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு. அண்ணே, அண்ணேன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன்.

— எனக்கு எதுவுமே கேக்கலையே பாப்பா. அந்தக் காத்துல பக்கத்துல நிக்கிறவ பேசினதே காதுல விழலை. கேட்டிருந்தா விடுவேனா?

— விடமாட்டே. அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன். அப்புறம் தெருக்கோடி லாரிக்காரர் வீட்டுக்கு அவரை இழுத்துக்கிட்டுப் போனேன். அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது. முதல் தட்டுக்கே திறந்துட்டாரு. திறந்த வேகத்துல கதவு பிச்சுக்கிச்சு, காத்து உள்ள புகுந்து கூரையை அப்படியே தூக்கிருச்சு. மழை கொட்டுது, அந்த அம்மா தன் சேலையைக் கிழிச்சு இவருக்குக் கட்டுப் போடுறாங்க. அதோ, ஜன்னலோரம் படுத்திருக்காங்களே, அவங்கதான். உன்னாலதான் எங்க வீடு போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை.

— நல்ல மனுஷங்க. ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு வா.

— அண்ணே, உன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஜன்னல் இடுக்குல டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுது. கதவு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அணைஞ்சு போச்சு. என் குரல் கேட்டுத்தான் யாரோ வந்திருக்காங்க. நீ இல்லைன்னா அந்த வீட்டுல வேற யாரு? அவங்க கையால பரிமாறி, எனக்குச் சோறு எப்படிண்ணே இறங்கும்?

— அவ பயந்த சுபாவம் பாப்பா. வெளியில யாரோ என்னமோன்னு நினைச்சிருப்பா. எனக்காக இந்த ஒரு தடவை விட்டுடு. இங்க பாரு, நீயும் சும்மா நிக்காம அவகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு. இதோட முடிஞ்சு போகட்டும்.

— கேக்கத்தாங்க கூட வந்தேன். பாப்பா, தாழ்ப்பாள்ல கை வச்சது நான். திறந்தா கூரை போயிரும், தங்கச்சி வேற எங்கயாவது போய்க்குவான்னு என் கையைத் தட்டிவிட்டு, டார்ச்சைப் பிடுங்கி அணைச்சது உங்க அண்ணன்.