எழுத்தை மிதிக்கும் விளையாட்டு

மீஞ்சூர் தாண்டியது கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில். என் எதிரே, வீடியோ கேம் கம்பெனியில் விற்பனை பார்க்கும் பெண்ணும் கேமைச் செய்தவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து திருவள்ளூர்ல ஆடுன பெரியவங்க எல்லாருமே ஜீரோண்ணா. இது கண்டிப்பா விக்கும்,” என்றாள் அவள்.

“ஜீரோன்னா எப்பிடிம்மா விக்கும்? மறதி வராம இருக்கத்தான் இந்த கேமு. டிவியில வர்ற எழுத்த, தரையில விரிச்ச ஷீட்டுல தேடி மிதிக்கணும். அவ்ளோதானே?”

“மிதிச்சாங்கண்ணா. எழுத்துல கால் பட்டுடுச்சேன்னு ஒவ்வொரு தபாவும் குனிஞ்சி தொட்டு கண்ணுல ஒத்திக்கினாங்க. அதுக்குள்ள டைம் முடிஞ்சிடுது.”

“அப்ப எழுத்த எடுத்துட்டு கலர் கட்டம் போட்டுடறேன்.”

“எடுக்காதீங்க. குனிஞ்சி நிமிர்றதுக்கும் பாயிண்ட் குடுங்க. என் பேர நாலு தபா கேட்டவரு கூட தொட்டு ஒத்திக்க மறக்கலண்ணா.”