மதகடிக் கொடுவா

எனக்கு மீன் சாப்பாடு அவ்வளவு பிடிக்காது, ஐயா. வீட்டில் மீன் கறி வைக்கிற நாளில் சொதியை ஊற்றிச் சமாளித்துவிடுவேன். அதனால் வயிற்றுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பெயர் ஆழ்வாப்பிள்ளை. வயது ஐம்பத்து மூன்று. ஊர் இறுப்பிட்டி, வேலை பள்ளிக்கூடத்தில் கிளாக்கர். எங்களுடையது தோட்டம் துரவு வைத்திருந்த குடும்பம். அப்படியான வீட்டில் மீனை வாங்கலாம், சமைக்கலாம், உப்புக் குறைவு என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடலாம். பிடிக்கக் கூடாது. நான் சின்ன வயதிலிருந்தே பிடித்தேன். தூண்டிலைப் பனையோலை உமலுக்குள் ஒளித்துக்கொண்டு போவேன், அகப்பட்டதையும் அதே உமலுக்குள் மறைத்துக்கொண்டு வருவேன். சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடல் தொழில் செய்கிறவர்கள் சிரித்தார்கள். அதிலும் யாகப்பு சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அந்தக் கரையில் மீனைப் பற்றி அவன் சொன்னால் மறுபேச்சு இல்லை. அப்படிப்பட்டவன் சந்தியில் நாலு பேருக்கு முன்னால் என் உமலை எட்டிப் பார்த்து, "கிளாக்கர் ஐயா, இண்டைக்குப் பூனைக்குக் காணுமோ?" என்று கேட்பான். வருஷக்கணக்காக அதே கேள்வி. நானும் சிரித்து வைப்பேன்.

குறிகட்டுவானுக்குப் பஸ் போகிற, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியில் ஒரு மதகு இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் ஒரு பக்கத்துக் கடல் முழுவதும் அதற்குள்ளால் இழுபட்டு மற்றப் பக்கம் போகும். அந்த மதகின் நிழலில் ஒரு பெரிய கொடுவா மீன் நின்றது. மூன்று வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். என்னுடைய தங்கூசி நூலை நாலு தடவை செவுளால் அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மீனை உமல் இல்லாமல், வெறுந்தோளில் போட்டு, வால் என் முழங்காலில் இடிபடச் சந்தியால் ஒருமுறை நடந்து போக வேண்டும். எங்கள் ஆட்களும் பார்க்க வேண்டும், யாகப்புவும் பார்க்க வேண்டும். ஐம்பது தாண்டியவனுக்கு இது ஒரு ஆசையா என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். எனக்கு வெட்கமில்லை.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இந்த வருஷம், இரண்டாயிரத்து நாலு ஆனியில், அன்னபூரணம் அக்காவின் மகன் அனோஜன் கனடாவிலிருந்து வந்தான். இருபத்தாறு வயது. ஆறு வயதில் போன பிள்ளை. தங்கமான பிள்ளை என்று ஊர் சொல்லும், அது பொய்யில்லை. எனக்கென்று றீல் பூட்டிய தூண்டில் தடி ஒன்று கொண்டுவந்தான். அங்கே தானும் சனி ஞாயிறுகளில் ஏரிக்குப் போய் மீன் பிடிப்பானாம். நான் மீன் பிடிப்பதை என் சொந்தத்தில் பகிடி பண்ணாத முதல் ஆள் அவன்தான். அவன்மேல் எனக்குப் பாசம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மதகடிக்குப் போனோம். இரைக்கென்று அவன் கொண்டுவந்த பிளாஸ்டிக் மீனை நான் தொடவில்லை. உயிர்த் திரளிக் குஞ்சு ஒன்றைத் தூண்டிலில் கொளுவி விட்டேன். கொடுவா அடித்தது. இரண்டு தரம் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. நாற்பது நிமிஷம் நின்று இழுத்தேன். இரண்டு கையும் தோலுரிந்துவிட்டன. கடைசியில் அனோஜன் சரிவுக் கல்லில் இறங்கி, அதன் வாயில் கையைக் கொடுத்துத் தூக்கினான். கமராவை என்னிடம் தந்திருந்தான். அது என் கழுத்தில் தொங்கியது. படம் எடுக்கச் சொன்னான், எடுத்தேன். அடுத்த படம் எனக்கு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் மீனைத் தண்ணீருக்குள் வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தான். மண் போகக் கழுவுகிறான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வேறு எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். பிறகு இரண்டு கையையும் விரித்தான். மீன் போய்விட்டது.

"போகட்டும் மாமா. படம் இருக்குத்தானே," என்றான்.

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கே பெரிய மீனை எல்லோரும் அப்படித்தான் விடுவார்களாம், அதுதான் மீனுக்குச் செய்கிற மரியாதையாம். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. நான் கோபக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். என்னுடைய மீனை என்னிடம் ஒரு சொல் கேட்காமல் விட்டுவிட்டான் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

மேலே ஏறும்போது பாசியில் வழுக்கினான். அது தற்செயல். இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, ஒரு கையால் தாம்போதியின் கல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினான். நீர் வற்றத் தொடங்கி இழுவை கூடிய நேரம் அது. மதகின் மற்ற வாயில் சண்டைக் காலத்தில் போட்ட முட்கம்பிச் சுருள் அப்படியே கிடக்கிறது. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

"கையைத் தாங்கோ மாமா," என்றான். பயந்துகூடப் பேசவில்லை.

நான் கை கொடுக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு வந்த முதல் நாள் விசாரணையில் உங்களிடம் நான் கை கொடுத்ததாகவும் அது நழுவியதாகவும் சொன்னேன், அதை வெட்டிவிடுங்கள். கல்லைப் பிடித்திருந்த விரல்களின்மேல் செருப்புக் காலை வைத்து, அவன் விடும்வரை ஊன்றினேன். அதிக நேரம் எடுக்கவில்லை. அதன்பிறகு தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தேன். மீனுக்காக நாற்பது நிமிஷம் பொறுத்தவன், அவனுக்காக ஒரு பத்து நிமிஷம் பொறுக்க மாட்டேனா. அவன் வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போய் முகம் கழுவி வேலைக்குப் போனேன்.

ஊருக்கு, அனோஜன் விடியவே தனியாகப் போனவன் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அடுத்த நாள் மத்தியானம் யாகப்புதான் கம்பியிலிருந்து அவனை எடுத்துக்கொண்டு வந்தான். அக்கா கனடாவிலிருந்து வந்து என் தோளில் விழுந்து அழுதா. நானும் அழுதேன். அந்த அழுகை நடிப்பு என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கமரா என்னிடம் இருந்தது. கடலோடு போய்விட்டது என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும் எடுத்து மீனைப் பார்ப்பேன். பற்றரி தீர்ந்துவிடும் என்ற பயம். சார்ஜரை அக்கா அவனுடைய பெட்டியோடு கொண்டுபோய்விட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் திறந்தபோது பற்றரி சிவப்புக் காட்டியது. அது அணைந்தால் உலகத்தில் அந்த மீனைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கமராவை எடுத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனேன்.

யாகப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கமராவை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்து நெடுநேரம் பார்த்தான்.

"நல்ல கொடுவாதான். ஏழு கிலோ வரும்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளாக்கர் ஐயா, தம்பி தனியவெல்லோ போனது. இந்தப் படம் ஆர் எடுத்தது?" என்று கேட்டான்.

அவன் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. ஆனால் முதலில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"ஏழோ? விசர்க்கதை கதையாதை. நாற்பது நிமிஷம் நிண்டு இழுத்தனான். தூக்கிப் பிடிக்க ஏலாமல் அவன்ர கை நடுங்கினதைக் கண்ணாலை பாத்துக்கொண்டுதான் படம் எடுத்தனான்."

யாகப்பு கமராவைத் திருப்பித் தரவில்லை. வலையை அப்படியே போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உங்களிடம் வந்தான். அவன்மேல் எனக்கு மனஸ்தாபம் இல்லை. மீனைப் பார்த்தான், அது போதும்.

இப்போது நீங்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். விரலை மிதித்தது சரி. மற்றப் பக்கம் நின்று பார்த்தது சரி. கொலை என்ற சொல்லையும் போட்டிருக்கிறீர்கள், இருக்கட்டும். ஒரே ஒரு பிழை. யாகப்பு சொன்னான் என்று ஏழு கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாலு, ஐயா. ஒரு இறாத்தல்கூடக் குறையாது. அதைத் திருத்தித் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன்.