கடுகு குரைக்கிறாள்

செயலாளர்: அக்கா, கோபப்படாம கேளுங்க...

தையலக்கா: கோபப்படாம எப்படி? இவளைப் போய் 'பொம்மை நாய்'னுட்டீங்க! முதல்ல அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க தம்பி.

செயலாளர்: சரி, வாங்கிட்டேன். ஆனா குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு புகார் வந்திருக்கு. செயலாளர்ங்கிற முறையில நான்...

தையலக்கா: இவ டெரியர்! மூணு கிலோதானேன்னு இளக்காரமா? இவ முப்பாட்டியெல்லாம் குளிர் தேசத்து கம்பளி ஆலையில எலி வேட்டை ஆடினவங்க. ஆலைத் தொழிலாளிங்க கோட்டுப் பையில போட்டு வேலைக்குத் தூக்கிட்டுப் போவாங்களாம். முடி பட்டு மாதிரி இருக்கே, 'இதையும் நாங்கதான் தறியில நெய்தோம்'னு கேலி பேசுவாங்களாம். இதெல்லாம் தெரியுமா உங்க சங்கத்துக்கு?

செயலாளர்: எலி பிடிக்கட்டும்க்கா, யாரு வேணாம்னா? குரைக்குதே...

தையலக்கா: குரைக்குதா? குரைக்கிறாள்னு சொல்லுங்க. பேர் கடுகு.

செயலாளர்: சரி, கடுகு குரைக்கிறா. பால்கனியில புறா வந்து உக்காந்தா போதும், காலையில ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் வாய் மூடறதில்ல.

தையலக்கா: அபாண்டம்! நான் பக்கத்துலயே உக்காந்து தைச்சிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? யாராவது படியேறி வந்தா ரெண்டு குரல் கொடுப்பா, அவ்வளவுதான். நான் எழுந்திருக்கலன்னா பாவாடை நுனியைப் பிடிச்சு இழுப்பா. அதுக்கும் அசையலன்னா கால் விரலைக் கடிப்பா. பிடிச்ச பிடியை விடற ரகமில்ல.

செயலாளர்: அது இல்லக்கா...

தையலக்கா: தம்பி! ஜன்னலைப் பார்த்துட்டு முணுமுணுக்காதீங்க. மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. பெரியவங்ககிட்ட பேசற முறையா இது?

செயலாளர்: மன்னிச்சுக்கோங்க. இவளை உங்க பையன் வீட்டுல விட்டுட்டா என்னன்னுதான் கேட்டேன். அங்க தோட்டம் இருக்காமே...

தையலக்கா: அவன்கிட்டயே பேசிட்டீங்களா? என்னைக் கேக்காம?

செயலாளர்: நீங்க போனே எடுக்க மாட்டேங்கறீங்க. அதான்...

தையலக்கா: என்ன சொன்னான்?

செயலாளர்: 'இன்னொரு பிரச்சினைன்னா மெஷினைக் கட்டிப் போட்டுட்டு அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்'னார்.

தையலக்கா: ஓகோ! நாயைத் துரத்தற சாக்குல என்னையும் சேர்த்துத் துரத்தறீங்க! இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் உடம்புல இருக்கிறது என் தையல். அந்த நன்றிகூடவா இல்ல? யாரு புகார் கொடுத்தது?

செயலாளர்: அது... சொல்லக்கூடாதுக்கா.

தையலக்கா: நம்ம தலைமுடி மாதிரி வளர்ந்துக்கிட்டே போற முடி தம்பி இவளுக்கு. தினமும் உக்காத்தி வெச்சு சிக்கெடுக்கறேன். கண்ணுல விழாம உச்சியில கட்டி விடறேன். வாய் சின்னது, பல்லு சீக்கிரம் கெட்டுப்போகும்னு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடறேன். பெத்த பையனுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்ல. இவ மேல பழி போட்டது யாருன்னு தெரியாம விடமாட்டேன்!

செயலாளர்: நீங்களும் டெரியர்தான்க்கா.

தையலக்கா: பேச்சை மாத்தாதீங்க. எந்த வீடு?

செயலாளர்: ...கீழ் வீடு.

தையலக்கா: கீழ் வீடா? அது உங்க வீடாச்சே!

செயலாளர்: என் சம்சாரம்தான்க்கா. ராத்திரி டூட்டி பார்க்கிற நர்ஸ். பகல்ல தூங்கினாத்தான் உண்டு.

தையலக்கா: அட! அதை மேல வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? முதுகுக்குப் பின்னால புகார் எழுதறதுதான் மரியாதையா?

செயலாளர்: சொன்னாளே! போன செவ்வாய்க்கிழமை யூனிபார்மைப் பிரிச்சுத் தைக்கக் கொடுக்க வந்தா. கதவு திறந்துதான் இருந்துச்சாம். நீங்க முதுகைக் காட்டிட்டு மெஷின்ல உக்காந்திருந்தீங்களாம். அக்கா அக்கான்னு கூப்பிட்டுப் பார்த்திருக்கா. நாய் விஷயத்தையும் தன்மையாத்தான் சொல்லியிருக்கா. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல!

தையலக்கா: செவ்வாயா... அன்னிக்கு கடுகு வீட்டுல இல்லயே. பல்லு சுத்தம் பண்ண டாக்டர்கிட்ட விட்டிருந்தேன்...

செயலாளர்: அவ இல்லன்னா என்னக்கா? நீங்க இருந்தீங்கல்ல? என் சம்சாரம் அழுதுக்கிட்டே இறங்கி வந்தா. 'நாய் குரைச்சா குரைச்சுட்டுப் போகுதுங்க, அந்தம்மா காது கேக்காத மாதிரி நடிச்சாங்களே, அதைத்தான் தாங்க முடியல'ன்னு இன்னும் புலம்பறா.

தையலக்கா: நடிச்சேனா...

செயலாளர்: அக்கா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

தையலக்கா: நான் கேக்காத மாதிரி நடிக்கலன்னு அவகிட்ட சொல்லுங்க தம்பி. போன வருஷக் காய்ச்சல்லேர்ந்து... இவளை வெச்சுக்கிட்டு, பேசறவங்க உதட்டைப் பார்த்துக்கிட்டு, கேக்குற மாதிரிதான் நடிச்சிட்டிருக்கேன்.